நாற்பது ஏக்கரில் மானுக்கு என்ன செய்வது: தீவனமா, காடா, புல்வெளியா, குத்தகையா?

விஸ்கான்சின் மாநிலத்தில் கிராமத்து நிலம் விற்பனைக்கு வந்தால் பெரும்பாலும் 40 ஏக்கர் துண்டாகத்தான் வரும். ஒரு சதுர மைல் என்பது 640 ஏக்கர். அதைப் பதினாறாகப் பிரித்த கணக்கு அது. வாங்குகிற எல்லோரும் விவசாயம் செய்வதில்லை. நவம்பரில் மான் வேட்டை, மற்ற மாதங்களில் நடந்து திரிய ஒரு காடு, பிள்ளைகள் பறவை பார்க்க ஓர் இடம் என்று வாங்குகிறவர்கள் நிறைய. நாங்களும் அப்படித்தான் மாநிலத்தின் தென்மேற்கில் இருக்கும் ரிச்லண்ட் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வாங்கினோம். மேட்டில் பழைய வயல், சரிவில் ஓக் காடு, அடியில் ஒரு சின்ன ஓடை.

பத்திரம் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்று உண்டு: இந்த நிலத்தில் காட்டுயிர்களுக்கு என்ன செய்யலாம்? மானுக்குத் தீவனம் விதைக்கலாம், காட்டைத் திருத்தலாம், வயலைப் பழைய புல்வெளியாக மாற்றலாம், வேட்டைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டு வரியைக் கட்டலாம், அப்படியே விட்டுவிடவும் செய்யலாம். பணமும் வார இறுதிகளும் எல்லாவற்றுக்கும் போதாது. எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானைச் சுடுவது குற்றம். இங்கே வெள்ளைவால் மானின் கதை வேறு. 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதும் சில லட்சம் மான்கள்தான் மிஞ்சியிருந்தன. இப்போது ஏறக்குறைய 3 கோடி. தென் விஸ்கான்சினில் ஓநாயும் கரடியும் அநேகமாக இல்லை. மான் பெருகினால் காட்டின் இளங்கன்றுகள் அத்தனையும் அதன் வாய்க்குள் போகும். லைசென்ஸ், ஒதுக்கீடு, பதிவு என்று கட்டுப்பாட்டோடு நடக்கும் வேட்டைதான் இங்கே அந்த எண்ணிக்கையைப் பிடித்து வைத்திருக்கிறது.

முதலில் மானின் கணக்கைப் பார்ப்போம்

ஒரு மான் ஆண்டு முழுக்கச் சுற்றி வரும் பரப்பு சில நூறு ஏக்கர், பல சமயம் ஒரு சதுர மைல் அளவுக்குப் போகும். உங்களுடைய 40 ஏக்கர் அதில் பதினாறில் ஒரு பங்கு. 'என் நிலத்து மான்' என்று யாருக்கும் எதுவும் கிடையாது. நீங்கள் என்ன செய்தாலும் மான் பக்கத்து நிலத்திலும் மேயும், அதற்கு அடுத்த நிலத்திலும் தூங்கும். அதனால் மானுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பதை விட, இந்தச் சதுர மைலில் மானுக்கு எது குறைவாக இருக்கிறது என்று கேட்பதுதான் சரி. அந்தக் குறையை உங்கள் 40 ஏக்கர் நிரப்பினால் மான் தானாக வரும். ஏற்கெனவே நிறைந்து கிடப்பதை இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பணம்தான் போகும்.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வழியையும் பார்க்கிறேன்.

தீவன வயல்

புதிதாக நிலம் வாங்கியவர்கள் முதலில் இறங்குவது இதில்தான். அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என்று காட்டின் ஓரத்தில் உழுது க்ளோவர் என்ற தீவனச் செடி, டர்னிப், ஓட்ஸ், குளிர்காலக் கோதுமை விதைக்கிறார்கள். விதைப் பையின் மேல் பெரிய கொம்போடு ஒரு மான் படம் இருக்கும். பலன் சீக்கிரம் கண்ணில் படும் என்பதுதான் இதன் ஈர்ப்பு. ஆகஸ்டில் விதைத்தால் அக்டோபரில் பச்சை, மாலையில் மான்.

செலவு விதையோடு நிற்பதில்லை. மண் பரிசோதனை, புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பு, உரம், களைக்கொல்லி, டிராக்டர் அல்லது அதை வைத்திருக்கிறவருக்குக் கூலி. க்ளோவர் சில ஆண்டுகள் தாங்கும். மற்றதெல்லாம் ஒவ்வோர் ஆண்டும் மறுபடி முதலில் இருந்து.

தென்மேற்கு விஸ்கான்சினில் சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மக்காச்சோளம், சோயா, பால் மாடுகளுக்கான குதிரைமசால். அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் சோளமே மானுக்கு ஒரு களஞ்சியம். ஓக் கொட்டை நன்றாக விழும் ஆண்டில் மான் உங்கள் டர்னிப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு, அதைத்தான் முதலில் தேடிப் போகும். இந்தப் பகுதியில் தீவனம் குறையே இல்லை. வட விஸ்கான்சினில், நூற்றுக்கணக்கான ஏக்கர் தொடர்காட்டின் நடுவே நிலம் இருந்தால் கணக்கு மாறும். அங்கே ஒரு க்ளோவர் திட்டு உண்மையாகவே புது வரவு.

இன்னொன்று நோய். அதைப் பின்னால் சொல்கிறேன்.

காட்டைத் திருத்துவது

என் தேர்வு இதுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துப்பாக்கி சீசன் இங்கே ஒன்பது நாள், நன்றி நவிலல் விடுமுறைக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கும். சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே சுடலாம் என்பதால் இருட்டிலேயே பரண் ஏற வேண்டும். ஆரஞ்சுச் சட்டை, இடுப்பில் பாதுகாப்புப் பட்டை, கையுறைக்குள் விறைத்த விரல்கள். முதல் வெளிச்சத்தில் பக்கத்துச் சோள வயல்கள் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கும். அப்போது மான்கள் எங்கே ஓடுகின்றன என்று கவனித்தால் போதும், உங்கள் நிலத்துக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். எங்கள் பக்கத்தில் அவை க்ளோவரைத் தாண்டி, திறந்த மேப்பிள் காட்டையும் தாண்டி, சில ஆண்டுகளுக்கு முன் புயலில் மரங்கள் சாய்ந்து முள்ளும் கொடியும் அடர்ந்த ஒரு பள்ளத்துக்குள் போய் ஒளிகின்றன. குளிர்காலத்தில் பனியில் பார்த்தாலும் அங்கேதான் படுக்கைத் தடங்கள்.

இந்தப் பகுதிக் காடுகள் பல பார்க்க அழகானவை, உள்ளே காலி. மேலே உயர்ந்த மரங்கள் குடை பிடித்து நிற்கும். தரையில் இருந்து மானின் வாய் எட்டும் உயரம் வரை ஒன்றும் இருக்காது. நூறு மீட்டர் தூரம் தெளிவாகத் தெரியும். மானுக்கு அங்கே ஒளிய இடமில்லை, கொறிக்க இளந்தளிர் இல்லை. தரையை ஒட்டிக் கூடு கட்டும் பறவைக்கும் இடமில்லை. ஒரு காலத்தில் அடிக்கடி தீ ஓடிய சரிவுகள் இவை. தீ நின்ற பிறகு நிழல் தாங்கும் மேப்பிள் கீழே முளைத்து மேலேறிவிட்டது. ஓக் கன்றுக்கு வெயில் வேண்டும். இன்று நிற்கும் பெரிய ஓக்குகள் விழுந்தால் அவற்றின் இடத்துக்கு வர வாரிசு இல்லை.

இதற்கு வைத்தியம் மரம் வெட்டுவது. காட்டை நேசிக்கிறவர்களுக்கு இதை ஏற்பது கடினம்தான். ஆனால் ஆஸ்பென் மரத் திட்டு ஒன்றைக் குளிர்காலத்தில் முழுவதுமாக வெட்டிப் பாருங்கள். அடுத்த கோடையில் வேரில் இருந்து ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் தளிர்கள் கிளம்பும். மானுக்கு உணவும் மறைவும் ஒரே இடத்தில் கிடைக்கும். ரஃப்டு க்ரௌஸ் என்ற காட்டுக்கோழி வகைக்கும், வுட்காக் என்ற காட்டு உள்ளானுக்கும் அந்த இளங்காடு வீடு. ஓக் சரிவில் முழுவெட்டு வேண்டியதில்லை. நல்ல ஓக்கைச் சுற்றி நெருக்கும் மேப்பிளையும் அயர்ன்வுட்டையும் எடுத்துவிட்டால் வெயில் இறங்கும், கொட்டையும் கூடும்.

இதில் மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓக்கை வெட்டவோ கிளை கழிக்கவோ கூடாது. ஓக் வாடல் நோயைச் சுமக்கும் வண்டுகள் புதுக் காயத்தைத் தேடி வரும் காலம் அது. ஒரு மரத்தில் நோய் நுழைந்தால் வேர் வழியாக அடுத்த மரத்துக்கும் போகும். இரண்டாவது, வெயில் இறங்கும் இடத்தில் பக்தார்ன், ஹனிசக்கிள் என்ற அந்நியப் புதர்கள் முந்திக்கொள்ளும். நவம்பரில் மற்ற எல்லாம் இலை உதிர்த்த பிறகும் பச்சையாக நிற்பது அவைதான், அடையாளம் காண்பது எளிது. வெட்டிய அடிக்கட்டையில் உடனே மருந்து பூசாவிட்டால் மறுபடி துளிர்க்கும். இவற்றை எடுக்காமல் மரம் வெட்டுவது வீண். மூன்றாவது, மர வியாபாரி. வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் வால்நட்டையும் சிவப்பு ஓக்கையும் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்பவரிடம் அவசரப்பட்டுச் சரி சொல்லாதீர்கள். சிறந்த மரங்களை மட்டும் எடுத்து, வளைந்ததையும் பொத்தலையும் விட்டுப் போனால் அந்தக் காடு தேற இரண்டு தலைமுறை ஆகும். மாநில இயற்கை வளத் துறையின் வன அலுவலர் கட்டணம் இல்லாமல் நிலத்தைச் சுற்றிப் பார்த்து யோசனை சொல்வார். வெட்டும் மரங்களைக் குறித்துக் கொடுக்கத் தனியாக ஒரு வனவியலாளரை அமர்த்துங்கள். அவருடைய கூலி மரத்தின் விலையிலேயே திரும்பிவிடும்.

வரியையும் பார்க்க வேண்டும். 20 ஏக்கருக்குக் குறையாத காடு இருந்தால் 1985-இல் வந்த நிர்வகிக்கப்பட்ட வனச் சட்டத்தின் கீழ் சேரலாம். சொத்து வரி பெரிதும் குறையும். பதிலுக்கு 25 அல்லது 50 ஆண்டு ஒப்பந்தம், எழுதப்பட்ட வனத் திட்டம், அந்தத் திட்டம் சொல்லும் நேரத்தில் வெட்டும் கடமை. காட்டைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தால் வரி இன்னும் குறைவு, மூடினால் கூடுதல் கட்டணம். இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை சின்னது கிடையாது. பத்து ஆண்டில் விற்றுவிடும் எண்ணம் இருப்பவர் இதில் நுழையுமுன், வாங்குகிறவரும் அந்த ஒப்பந்தத்தைச் சுமக்க வேண்டியிருக்கும் என்பதை யோசிக்கட்டும்.

வயலைப் புல்வெளியாக்குவது

மேட்டு வயலுக்கு இதுதான் பொருத்தம். விஸ்கான்சினின் பழைய உயர்புல் வெளியில் நூற்றில் ஒரு பங்குகூட இன்று மிச்சமில்லை. இந்தச் சதுர மைலில் எது குறைவு என்ற கேள்விக்கு இதை விடத் தெளிவான பதில் கிடையாது. பிக் ப்ளூஸ்டெம், இந்தியன் கிராஸ், ஸ்விட்ச்கிராஸ் என்ற புற்கள், நடுவே எருக்கின் உறவான மில்க்வீட், கோன்ஃப்ளவர். மோனார்க் பட்டாம்பூச்சி மில்க்வீட்டில் மட்டுமே முட்டையிடும். 2017-இல் கூட்டரசின் அழிநிலைப் பட்டியலில் சேர்ந்த ரஸ்டி பேட்ச்டு பம்பிள்பீ என்ற தேனீ இன்னும் பிழைத்திருக்கும் மாநிலங்களில் விஸ்கான்சின் ஒன்று. மானுக்கும் நஷ்டமில்லை: பனியிலும் சாயாமல் நிற்கும் ஸ்விட்ச்கிராஸ் நல்ல படுக்கை, பெண் மான் ஜூனில் குட்டியை மறைத்து வைக்கவும் ஏற்ற இடம்.

பொறுமைதான் இதன் விலை. முதல் ஆண்டு களைதான் தெரியும். விதை வேர் பிடித்துக்கொண்டிருக்கும். களையை உயரமாக வெட்டி வெட்டி வெயில் விட வேண்டும். மூன்றாம் ஆண்டில்தான் புல்வெளி என்று சொல்லும்படி ஆகும். அப்புறம் சில ஆண்டுக்கு ஒருமுறை தீ வைக்க வேண்டும். அதற்கு அனுமதி, தீத்தடுப்புப் பட்டை, அனுபவமுள்ள ஆட்கள். ஆல்டோ லியோபால்ட் 1935-இல் பரபூ ஊருக்குப் பக்கத்தில் மண் செத்துப்போன 80 ஏக்கர் பண்ணையை வாங்கிக் குடும்பத்தோடு மரமும் புல்லும் நட்டவர், இந்த நாட்டில் காட்டுயிர் மேலாண்மையைப் பல்கலைக்கழகப் பாடமாக்கியவர். அவரே 1948 ஏப்ரலில் பக்கத்து நிலத்தில் பிடித்த புல் தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். தீ வைப்பதைத் தனியாகச் செய்யாதீர்கள்.

அரசின் நிலப் பாதுகாப்புத் திட்டம், எல்லோரும் சி.ஆர்.பி. என்று சொல்வது, 10 முதல் 15 ஆண்டுக்கு ஏக்கர் வாடகை கொடுத்து விதைச் செலவிலும் பங்கெடுக்கும். ஆனால் அந்த நிலத்தில் குறிப்பிட்ட ஆண்டுகளில் பயிர் வைத்திருந்ததற்கு ஆதாரம் வேண்டும். இருபது வருடம் சும்மா கிடந்த வயலுக்குக் கிடைக்காது. நிலம் வாங்குமுன் விற்பவரிடம் பயிர் வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள்.

குத்தகையும், சும்மா விடுவதும்

வேட்டைக் குத்தகை சுலபமான பணம். வருகிறவர்களில் பலர் நல்லவர்கள். சட்டத்தில் ஒரு வரம்பு இருக்கிறது: பொழுதுபோக்குக்காக நிலத்துக்குள் வருகிறவருக்கு அடிபட்டால் விஸ்கான்சின் சட்டம் நில உரிமையாளருக்கு நல்ல பாதுகாப்புத் தருகிறது, ஆனால் ஆண்டில் 2,000 டாலருக்கு மேல் வசூலித்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இங்கே அடிபடுவதும் சாதாரணமாக நடப்பதுதான், பெரும்பாலும் மரப் பரணில் இருந்து விழுந்து. குத்தகை என்றால் காப்பீடும் எழுத்து ஒப்பந்தமும் வேண்டும். இதை விடப் பெரிய சிக்கல், காசு கொடுத்தவர் கொம்புக்காகத்தான் வருவார், பெண் மானைச் சுட அவருக்கு ஆர்வம் இருக்காது. அது ஏன் முக்கியம் என்பதற்கு இப்போது வருகிறேன். எங்கள் முடிவு, உள்ளூர்க் குடும்பம் ஒன்றுக்கு இலவச அனுமதி. நிபந்தனை ஒன்றே ஒன்று, முதல் மான் பெண் மான்.

சும்மா விடுவதை இயற்கைக்கு விடுவது என்று சிலர் நம்புகிறார்கள். ஓநாயும் தீயும் இருந்த காலத்தில் அது சரி. இப்போது சும்மா விட்ட 40 ஏக்கர் மெதுவாக பக்தார்ன் புதராகவும் மேப்பிள் நிழலாகவும் முடியும்.

எந்த மானைச் சுடுவது

மேலே சொன்ன எல்லாத் தேர்வுகளையும் காப்பாற்றுவதோ கெடுப்பதோ இந்த ஒரு தேர்வுதான்.

ஒரு வழி: இளம் ஆண் மான்களை விட்டுவைத்து, கொம்பு பெருக்கும் வரை நான்கைந்து ஆண்டு காத்திருப்பது. 1988-இல் தொடங்கிய தர மான் மேலாண்மைச் சங்கம் (Quality Deer Management Association) இதைப் பரப்பியது. கூடவே பெண் மான்களைப் போதுமான அளவு சுட வேண்டும் என்றும் அது அழுத்திச் சொன்னது. முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாவதை மறந்தவர்கள் அதிகம். மற்ற வழி: பெண் மான்களில் தொடங்குவது. நல்ல தீனி கிடைக்கும் இடத்தில் வளர்ந்த பெண் மான் ஆண்டுதோறும் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். எண்ணிக்கை அங்கேதான் தீர்மானமாகிறது. ஆண் மானை எத்தனை சுட்டாலும் அடுத்த கோடையின் குட்டிகள் குறையாது.

விஸ்கான்சின் இந்த விவாதத்தில் புதியதல்ல. 1943-இல் லியோபால்ட் மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தில் இருந்தபோது, பட்டினி கிடந்த வடக்குக் காட்டு மான்களைக் குறைக்கப் பெண் மானுக்கும் சீசன் திறந்தார்கள். 1,20,000-க்கு மேல் மான்கள் சுடப்பட்டன. ஜனங்கள் கொதித்தார்கள், அடுத்த ஆண்டே ஆண் மான் மட்டும் என்று திரும்பியது. பின்னாளில் சில பகுதிகளில் முதலில் கொம்பில்லாத மான், பிறகுதான் ஆண் மான் என்ற விதி வந்து, அதுவும் 2011-இல் சட்டம் போட்டு நீக்கப்பட்டது. சட்டம் கட்டாயப்படுத்தாது என்று ஆனபின் பொறுப்பு நிலம் வைத்திருப்பவர் கையில்தான்.

இப்போது நோய். சி.டபிள்யூ.டி. என்ற நாட்பட்ட மெலிவு நோய் 2002-இல் மாடிசனுக்கு மேற்கே மௌன்ட் ஹோரெப் பக்கத்து மான்களில் முதலில் தெரியவந்தது. ப்ரையான் என்ற உருமாறிய புரதத்தால் வருவது. மருந்தில்லை, தொற்றிய மான் பிழைப்பதில்லை, மண்ணிலும் அது ஆண்டுக்கணக்கில் தங்கும். எங்கள் கவுன்ட்டியும் சாக், அயோவா கவுன்ட்டிகளும் இதன் நடுவில் இருக்கின்றன. வளர்ந்த ஆண் மான்களில்தான் தொற்று அதிகம், பெண் மான்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆக, கொம்புக்காக ஆண் மானை வயதாக விடுவது இந்தப் பகுதியில் நோயையும் சேர்த்து வளர விடுவதாகிறது. மான்களை ஓரிடத்தில் கூட்டுவதும் அப்படியே. இங்கே இரை கொட்டி வைப்பது தடை. விதைத்த தீவன வயலுக்குத் தடை இல்லை. சட்டம் அனுமதித்தாலும், நாள்தோறும் பல மான்கள் மூக்கை வைக்கும் அரை ஏக்கர் எனக்கு நிம்மதி தருவதில்லை. புல்வெளியும் வெட்டிய காடும் அதே மான்களைப் பரப்பி வைக்கின்றன. தீவன வயலை நான் கடைசியில் வைப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சுட்ட ஒவ்வொரு மானின் தலையையும் பரிசோதனைக்குக் கொடுங்கள், மாநிலம் இலவசமாகச் செய்கிறது. மனிதருக்குப் பரவியதாக இதுவரை ஆதாரம் இல்லை; ஆனாலும் தொற்று உறுதியான மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. முடிவு வரும் வரை கறி ஃப்ரீசரில் காத்திருக்கட்டும். வீட்டுக்குப் போதும் என்றால் 2000-இல் இருந்து நடக்கும் நன்கொடைத் திட்டம் இருக்கிறது. உரித்து அரைத்து உணவு வங்கிகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஈயக் குண்டுக்குப் பதில் செம்புக் குண்டு வாங்குங்கள். ஈயத் துகள் கறியிலும் தங்கும், நீங்கள் காட்டில் விட்டுப்போகும் குடலைத் தின்னும் கழுகையும் கொல்லும்.

செய்யும் வரிசை

இந்தப் பகுதியில் 40 ஏக்கர் என்றால் என் வரிசை இப்படி: முதல் இலையுதிர் காலத்தில் பக்தார்ன், ஹனிசக்கிள் ஒழிப்பு, அதற்கு இயற்கை வளப் பாதுகாப்புச் சேவையின் செலவுப் பங்கு கிடைக்குமா என்று கேட்க வேண்டும். அதே குளிர்காலத்தில் வன அலுவலரோடு ஒரு சுற்று. அடுத்த குளிர்காலத்தில் ஓரிரு ஏக்கர் வெட்டு, கவுன்ட்டியில் வெட்டு அறிவிப்பு கொடுத்த பிறகு. வயலில் நவம்பர் கடைசியில், பனிக்கு முன், புல்வெளி விதை. க்ளோவர் வேண்டும் என்றால் காட்டுப் பாதைகளில் தூவுங்கள். மண் அரிக்காது, நடக்கவும் நன்றாக இருக்கும். ஆண்டுதோறும் வேட்டையில் பெண் மான் முதலில்.

எத்தனை பெண் மான் என்பதற்கு என்னிடம் பொதுவான எண் இல்லை, அது இடத்துக்கு இடம் மாறும். அதை நிலத்திடமே கேட்க ஒரு வழி இருக்கிறது. ஓக் சரிவில் வெயில் விழும் இடமாகப் பார்த்துப் பத்தடிக்குப் பத்தடி, ஆறடி உயரத்தில் ஒரு கம்பி வேலி போடுங்கள். மான் நுழையாத சின்னச் சதுரம். பக்கத்திலேயே அதே அளவுக்கு வேலி இல்லாமல் நான்கு குச்சி நட்டு வையுங்கள். இரண்டு கோடை கழித்து இரண்டிலும் ஓக் கன்றுகளையும் ட்ரில்லியம் பூக்களையும் எண்ணிப் பாருங்கள். வேலிக்குள் மட்டும் இருந்தால் அடுத்த சீசனில் இன்னும் இரண்டு மூன்று பெண் மான்களுக்கு அனுமதிச் சீட்டு வாங்கி, பக்கத்து நிலத்துக்காரரிடமும் பேச வேண்டும். வெளியிலும் கன்று முழங்கால் உயரம் வந்திருந்தால் இப்போது சுடும் எண்ணிக்கையே போதும்.